குறைத்த செலவு எங்கே போய்விடுகிறது?

வெளியே சாப்பிடுவதைப் பாதியாக்கிவிட்டேன், இரண்டு சந்தாக்களை ரத்து செய்துவிட்டேன், ஆறு மாதமாகத் துணிகூட எடுக்கவில்லை, அப்படியும் மாதக் கடைசியில் கையில் நிற்பது பழைய தொகைதான், இனி எதைக் குறைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு முறை படித்த பிறகு எனக்குத் தோன்றியது, உங்களை உறுத்துவது ‘இனி எதை’ என்பதல்ல. ஏற்கெனவே குறைத்ததெல்லாம் எங்கே போனது என்பதுதான். அதற்கு விடை தெரியாமல் நான்காவதாக ஒன்றைக் குறைத்தால் அதுவும் அதே வழியில் போய்விடும். ஆகவே முதலில் அதைப் பார்ப்போம், எதைக் குறைப்பது என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் முதலீட்டு ஆலோசகன் அல்ல. ஒரு கடன் சங்கத்தில் பதினேழு வருடம் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் மேசையில் இருந்தவன். கடன் கேட்டு வருபவர் ஆறு மாத வங்கி ஸ்டேட்மெண்டும், தன் கைப்பட எழுதிய மாதச் செலவுப் பட்டியலும் தர வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே என் வேலை. இரண்டும் ஒத்துப்போன விண்ணப்பம் அபூர்வம். ஆட்கள் பொய் சொல்கிறார்கள் என்று முதல் வருடம் நினைத்தேன். அப்படி இல்லை. எழுதச் சொன்னால் எல்லோரும் ஒரு சாதாரண மாதத்தை எழுதுகிறார்கள். யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகாத, வண்டி பழுதாகாத, எந்த விசேஷமும் வராத மாதம். அப்படி ஒரு மாதம் பன்னிரண்டில் ஒன்றோ இரண்டோ வந்தால் பெரிது.

பட்டியலில் விட்டுப்போவதும் எப்போதும் ஒரே ரகம்தான்: வருடத்துக்கு ஒருமுறை கட்டும் காப்பீட்டு பிரீமியம், பள்ளிக் கட்டணம், வண்டி சர்வீஸ், பல் மருத்துவர், நெருங்கியவர் வீட்டு விசேஷத்துக்குக் கொடுத்த பரிசு, ஊருக்குப் போய்வந்த பயணம், கீழே விழுந்து உடைந்த போன். இவற்றை ‘எதிர்பாராத செலவு’ என்று சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல்லின் மேல் கொஞ்சம் கோபமே உண்டு. பிரீமியம் வருடா வருடம் அதே தேதியில் வருகிறது, அதில் எதிர்பாராதது என்ன? வண்டியும் போனும் எப்போது பழுதாகும் என்பது தெரியாதே தவிர, பழுதாகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் மாத வருமானம் 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். மாதப் பட்டியலில் எழுதிய செலவு 94. அப்படியானால் 6 மீதமாக வேண்டும். ஆனால் நான் மேலே சொன்ன வகைச் செலவுகள் வருடத்துக்கு 132 பங்கு வருகின்றன என்றால் மாதத்துக்கு 11 ஆகிறது. மொத்தச் செலவு 105. அதாவது மீதம் என்று ஒன்றும் இல்லை, மாதா மாதம் 5 பங்கு பள்ளம். அந்தப் பள்ளத்தை இத்தனை நாளும் ஏதோ ஒன்று நிரப்பியிருக்க வேண்டும்: கிரெடிட் கார்டு பாக்கி, தெரிந்தவரிடம் கைமாற்று, பழைய சேமிப்பிலிருந்து எடுத்தது. இப்போது நீங்கள் கஷ்டப்பட்டு 6 பங்கு குறைத்திருக்கிறீர்கள். செலவு 99 ஆகிறது. கையில் நிற்பது ஏறக்குறைய பூஜ்யம்தான், முன்பும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் முன்பு கடன் ஏறிக்கொண்டிருந்தது, இப்போது ஏறவில்லை.

உங்கள் விஷயம் இதுதானா என்று கண்டுபிடிப்பது சுலபம். ஆறு மாதத்துக்கு முன் உங்களுக்கு இருந்த எல்லாப் பாக்கிகளையும் கூட்டுங்கள். இன்றைய பாக்கிகளையும் கூட்டுங்கள். வங்கியில் இருந்த தொகையையும் அதேபோல இரண்டு தேதிக்கும் பாருங்கள். பாக்கி குறைந்திருந்தால் நீங்கள் குறைத்தது வீண்போகவில்லை, பள்ளம் மூடிக்கொண்டிருக்கிறது. பாக்கியும் குறையவில்லை, இருப்பும் கூடவில்லை என்றால் அந்த 6 பங்கு வேறு எங்கோ செலவாகிவிட்டது. அதற்கும் ஒரு பொதுவான காரணம் உண்டு.

அந்தக் காரணம் ரொம்பச் சாதாரணமானது. ஒரு சந்தாவை ரத்து செய்தால் அந்தப் பணம் ‘சேமிப்பு’ என்ற பெயரோடு தனியாக எங்கும் போய் உட்காருவதில்லை. சம்பளக் கணக்கிலேயே மற்றப் பணத்தோடு கலந்து கிடக்கிறது. கணக்கில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் நாம் கொஞ்சம் தாராளமாகிவிடுகிறோம். ‘இந்த மாதம்தான் அதைக் குறைத்தோமே’ என்ற நினைப்பே இன்னொன்றை வாங்க அனுமதிச் சீட்டாகிவிடுகிறது. எனக்கே இது நடந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நோட்டில் பைசா விடாமல் பதினோரு மாதம் செலவு எழுதினேன். கணக்கு அத்தனை சுத்தம். வருடக் கடைசியில் சேமிப்பு என்று பார்த்தால், அந்த நோட்டு வாங்கிய காசுதான் கூடுதல் செலவு. எழுதினால் பணம் எங்கே போகிறது என்று தெரியும். போவது நிற்காது. செலவை எழுதும் செயலிகளுக்கும் இதே பதில்தான். இரண்டு மூன்று மாதம் எழுதிப் பார்ப்பது நல்லது, ஆயுள் முழுக்க எழுத வேண்டியதில்லை.

ஆக, ஒன்றைக் குறைத்தால் அன்றைக்கே அந்தத் தொகையை வேறு கணக்குக்கு மாற்றுங்கள். சம்பளம் வரும் நாளிலோ மறுநாளோ தானாகப் போகும்படி வங்கியில் நிரந்தர உத்தரவு கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. மாதக் கடைசியில் மீந்ததைச் சேமிப்போம் என்று சொல்லிக் கடன் கேட்டு வந்தவர்களில் மீத்தவர்கள் எனக்கு நினைவிலேயே இல்லை. இரண்டு கணக்குகள் போதும். ஒன்று, நான் சொன்ன 11 பங்குக்கு, அதாவது வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளுக்கு. இன்னொன்று உண்மையான சேமிப்புக்கு. இரண்டையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். பிரீமியம் கட்டச் சேமிப்பை உடைத்தால் மனது விட்டுப்போகும், அடுத்த மாதம் போடவே கை வராது. இந்த இரண்டு கணக்குகளுக்கும் கார்டு வாங்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

நாளைய பணத்தை விட்டுக்கொடுப்பது இன்றைய பணத்தை விட்டுக்கொடுப்பதைவிட எளிது என்பதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. ரிச்சர்ட் தாலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு அமெரிக்க நிறுவனத்தில், உடனே சேமிப்பைக் கூட்டச் சொன்னபோது முடியாது என்றவர்களிடம், அடுத்த சம்பள உயர்வு வரும்போது அதில் ஒரு பகுதி சேமிப்புக்குப் போகட்டுமா என்று கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் சரி என்றார்கள். 40 மாதங்களில் அவர்களுடைய சேமிப்பு விகிதம் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமானது. தாலர் பிறகு 2017-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அந்த எண்கள் அந்த நிறுவனத்துக்கு உரியவை, உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வழி எல்லோருக்கும் பொருந்தும்: அடுத்த உயர்வு கைக்கு வரும் முன்பே அதில் பாதியைச் சேமிப்புக்கு எழுதிவிடுங்கள். இல்லாத பணத்தை யாரும் தேடுவதில்லை.

சரி, இனி எதைக் குறைப்பது. சிறு துளி பெரு வெள்ளம் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். நான் பார்த்த ஸ்டேட்மெண்டுகளில் வெள்ளம் பெரும்பாலும் பெரிய மதகுகள் வழியாகத்தான் போயிருந்தது: வீட்டு வாடகை, வாகனம், கடன் தவணை. மறுபடியும் 100 பங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை 30 பங்கு என்றால் அதைப் பத்து சதவீதம் குறைத்தால் மாதம் 3 பங்கு. ஒரே ஒரு முடிவு, அதன் பிறகு நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம், மாதா மாதம் அது தானே மிஞ்சும். வெளியே சாப்பிடுவது 6 பங்காக இருந்து அதைப் பாதியாக்கினாலும் அதே 3 பங்குதான், ஆனால் அதற்கு மாதத்தில் பத்துப் பதினைந்து முறை உங்களை நீங்களே மறுத்துக்கொள்ள வேண்டும். களைப்பாக இருக்கும் ஒரு நாளில் அது உடையும். உங்கள் பட்டியலைப் பார்த்தால் நீங்கள் குறைத்த மூன்றில் சந்தாவைத் தவிர மற்ற இரண்டும் தினம் தினம் மனதை அடக்க வேண்டிய வகை. அதனால்தான் அலுத்துப்போய் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

வீடு மாறுவது என்றால் சும்மா அல்ல என்பது தெரியும். முன்பணம், சாமான் ஏற்றிப்போகும் செலவு, வேலைக்குப் போய்வரக் கூடும் செலவு எல்லாம் உண்டு. மாறுவதற்கான மொத்தச் செலவை, மாதத்துக்கு மிஞ்சப்போகும் நிகரத் தொகையால் வகுங்கள். வரும் எண் அத்தனை மாதங்கள் கழித்துத்தான் உங்களுக்கு லாபம் தொடங்கும். அது பத்துக்குள் இருந்தால் யோசிக்கலாம். இருபத்தைந்து வந்தால், அதற்குள் இன்னொரு வீடு மாற வேண்டி வந்தாலும் வரலாம், விட்டுவிடுங்கள். மாறாமலே, ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் உட்கார்ந்து பேசிப் பார்ப்பதற்கு ஒரு செலவும் இல்லை. வாகனத்தில் எல்லோரும் எரிபொருளை மட்டும் எண்ணுகிறார்கள். காப்பீடு, பராமரிப்பு, நிறுத்துமிடக் கட்டணம், கடன் வட்டி, வருடா வருடம் இறங்கும் விற்பனை மதிப்பு ஆகியவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால்தான் அதன் உண்மையான மாதச் செலவு தெரியும். இரண்டாவது வாகனம் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டபின் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வரி. தொலைக்காட்சியின் சிவப்பு விளக்கை அணைப்பதற்காக வீட்டில் சண்டை போடாதீர்கள். ஒரு வாட் இழுக்கும் கருவி வருடம் முழுக்க எரிந்தாலும் 9 யூனிட்டைத் தொடாது. 2000 வாட் தண்ணீர் ஹீட்டர் தினம் அரை மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு 365 யூனிட். சூடாக்குவதும் குளிரவைப்பதும்தான் பில், மற்றதெல்லாம் சில்லறை.

கடன் இருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் பாருங்கள். குறிப்பாக, கார்டில் ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டிக்கொண்டிருந்தால். மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். 100 பாக்கி 103 ஆகிறது, அதில் 5 சதவீதம் என்பது 5.15, கட்டியபின் நிற்பது 97.85. புதிதாக ஒன்றும் வாங்காமல் இப்படியே கட்டிவந்தால் பாக்கி பாதியாகவே 32 மாதம் ஆகும். அந்த 3 சதவீதம் வருடக் கணக்கில் 36 அல்ல, வட்டிக்கு வட்டி சேர்ந்து 42.6 சதவீதம். இந்தக் கடன் இருக்கும்போது ஆறேழு சதவீதம் தரும் சேமிப்பில் பணம் போடுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் மொண்டு வைப்பது போல. அவசரத்துக்கு ஒரு மாதச் செலவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மீதியை எல்லாம் இங்கே கட்டுங்கள். நீண்ட காலக் கடனில் வேறொரு விஷயம் இருக்கிறது: தொடக்கத்தில் கட்டும் தவணையில் பெரும்பகுதி வட்டிதான். ஒன்பது சதவீத வட்டியில் இருபது வருடக் கடன் என்றால் முதல் தவணையில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்கே போகிறது. அதனால் ஆரம்ப வருடங்களில் அசலில் கூடுதலாகக் கட்டினால் பலன் அதிகம். வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டிவந்தால் அதே கடன் மூன்று வருடத்துக்கு மேல் முன்னதாகவே முடியும். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

பல கடன் இருந்தால் எதை முதலில் அடைப்பது? வட்டி அதிகமானதை என்பது கணக்கு, அதில் சந்தேகமே இல்லை. சின்னக் கடனை முதலில் முடித்தால் உற்சாகம் வரும் என்று வேறு சிலர் சொல்வார்கள். நடுவில் விட்டுவிடும் சுபாவம் உங்களுக்கு இருந்தால் அதுவும் சரிதான், அந்த உற்சாகத்துக்குக் கொஞ்சம் வட்டி கட்டுகிறீர்கள் என்று தெரிந்து செய்யுங்கள்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலானது வெறும் பெருக்கல் வகுத்தல், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். இனி வருவதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். வருமானத்தில் 50 சதவீதம் தேவைக்கு, 30 விருப்பத்துக்கு, 20 சேமிப்புக்கு என்ற விதியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எலிசபெத் வாரனும் அவர் மகள் அமீலியா வாரன் த்யாகியும் 2005-இல் பரப்பிய அளவுகோல் அது. ஒப்பிட்டுப் பார்க்க உதவும், ஆனால் குறைந்த வருமானத்தில் வாடகையும் சாப்பாடுமே 70 எடுத்துக்கொள்ளும் வீட்டுக்கு அந்த விதி குற்ற உணர்ச்சியைத் தவிர ஒன்றும் தராது. அதேபோல, ரொக்கமாகக் கொடுத்தால் செலவு குறையும் என்பார்கள். டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டுக்கு ஏலம் கேட்டவர்களில் கார்டில் கொடுக்கலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கம் தர வேண்டியவர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். டிக்கெட் மாதிரி விலை இவ்வளவு என்று மனதில் நிற்காத பொருளுக்கு அது சரி. மாதா மாதம் வாங்கும் மளிகையிலும் இரண்டு மடங்கு வித்தியாசம் வரும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நான் கண்ட வரையில் சிலருக்கு ரொக்கம் உதவியது, வேறு சிலருக்குக் கையில் இருக்கும் ரொக்கம்தான் முதலில் கரைந்தது. ஒரு மாதம் செய்து பாருங்கள், நஷ்டமில்லை.

குறைக்கக் கூடாதவையும் உண்டு. மருத்துவக் காப்பீட்டை நிறுத்தி மிச்சம் பிடித்தவர்களை நான் மறுபடி கடன் மேசையில் சந்தித்திருக்கிறேன், பல மடங்கு பெரிய தொகை கேட்டு. வண்டி சர்வீஸைத் தள்ளிப்போடுவதும் பல்வலியைத் தள்ளிப்போடுவதும் சேமிப்பு அல்ல, வட்டி அதிகமான கடன். வேலைக்குத் தேவையான கருவியையும் படிப்பையும் கடைசியாகத் தொடுங்கள். வீட்டில் இன்னொருவர் இருக்கிறார் என்றால் அவரைக் கேட்காமல் எதையும் குறைக்காதீர்கள். ஒருவர் நிறுத்தியதை இன்னொருவர் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டிருந்த ஸ்டேட்மெண்டுகளையும் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி விண்ணப்பத்தில் கேட்க இடமில்லை.

என் அனுபவத்துக்கு ஓர் எல்லை உண்டு. என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள். உங்கள் வருமானம் மாதத்துக்கு மாதம் மாறுவது என்றால், கடந்த வருடத்தின் மிகக் குறைந்த மூன்று மாதங்களின் சராசரியை வருமானமாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள், அதற்கு மேல் வருவது முதலில் அந்த வருடச் செலவுக் கணக்குக்குப் போகட்டும். எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகும் வாடகை, சாப்பாடு, மருந்து மட்டுமே வருமானத்தை விழுங்குகிறது என்றால் குறைக்க இடமில்லை என்று அர்த்தம். அது உங்கள் குறை அல்ல. அப்போது வருமானத்தைப் பற்றித்தான் பேச வேண்டும், அது நான் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். பன்னிரண்டு மாத ஸ்டேட்மெண்டை எடுத்து, மாதா மாதம் வராத செலவுகளை மட்டும் தனியாகக் கூட்டி, 12-ஆல் வகுத்து, அது உங்கள் மாத வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று இங்கேயே எழுதுங்கள். தொகை வேண்டாம், சதவீதம் போதும். 5-க்குக் கீழே வந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன். பெரும்பாலும் மருத்துவம், இல்லாவிட்டால் பரிசுகள். இன்னொரு முறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.